பச்சையில் வைத்து அளந்தவன்

1

இதை எழுத ஏழு வருஷம் தயங்கினேன். எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ எழுதி நம் பங்குக் கோயில் மடலுக்கு அனுப்பிவைத்தேன். இங்கே அயர்லாந்தில் விழும் பனியைப் பற்றி எழுதினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு எல்லோரும் நன்றி சொல்வதைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பலபேர் கடிதம் போட்டீர்கள். அதையெல்லாம் நான் எழுதியது, இதை எழுதாமல் தப்பிப்பதற்காக.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் அந்தோணி. பத்தாவது வரை படித்தேன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தேன், கடைசியில் அச்சு மேஸ்திரியாக. மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்தபோது, நானும் மகள் அமலியும் அவள் பின்னால் வந்தோம். அமலிக்கு அப்போது ஆறு வயது. முதல் இரண்டு வருஷம் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறேன்.

இந்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். தூதரகத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே அந்தக் காகிதம் நாலு மாதம் அலைந்தது. முதலில் என் பெயரை மாற்றிப் போட்டு வந்தது. இங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அப்பா பெயரை எழுதியதால் வேலை செய்யும் இடத்தில் என்னைச் சவரிமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன என் அப்பா தினமும் வேலைக்குப் போய்வருகிறார்.

கடைசியில் சரியான காகிதம் வந்தது. மேற்படி நபர் மீது எந்தக் குற்ற வழக்கும் நிலுவையில் இல்லை என்று முத்திரையோடு போட்டிருந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, எந்த நாட்டிலாவது அடிதடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா என்று. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அது பொய் இல்லை. நான் தண்டனை பெறவில்லை.

ஆனால் என் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. அது போலீஸ் ஸ்டேஷனில் இல்லை. மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் கோயில் வேலில் கட்டிக் கிடக்கிறது.

2

விண்ணப்பத்தைக் கொடுத்த அதே வாரம், சலவை அறையில் இருக்கும்போது அமலியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள்.

போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அவள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். மூன்று பேர் சேர்ந்து அவளை விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் இழுத்துப்போயிருக்கிறார்கள். ஒருத்தி முகத்தில் குத்தியதில் முன்பல் உடைந்துவிட்டது. இன்னொருத்தி கத்தரிக்கோலால் பின்னலை அடியோடு வெட்டியிருக்கிறாள். அமலி பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை மேசைமேல் வெட்டிய பின்னல் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பொன்னிற முடி. நுனியில் சிவப்பு ரப்பர் வளையம் அவிழாமல் இருந்தது. என்னிடம் இருக்கும் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். என்ன தோன்றியதோ, நானும் ஒருகாலத்தில் ஒரு ஆளைப் பிடித்தவன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாள் நான் ஏதோ திருடனைப் பிடித்துக்கொடுத்த கதை சொல்வதாக எண்ணி, மரியாதையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அமலியை நிறுத்திவைத்து, அடித்தது நீயா என்று கேட்டேன்.

"இல்லப்பா. ஐ டிட்ன்ட் டச் ஹெர் ஃபேஸ். நான் சும்மா புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

அமலிக்குத் தமிழ் பாதி போய்விட்டது. அம்மா, அப்பா, சோறு, தூக்கம் என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்கள்தான் மிச்சம். கோயிலுக்கும் வருவதில்லை, கூப்பிட்டால் தலைவலி என்பாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமான விருத்தாசலத்துப் பேச்சாக வந்து விழுந்தது.

அறைந்தேன். அவள் பல்லில் கட்டியிருந்த கம்பியில் உதடு கிழிந்து இரத்தம் சட்டைக் காலரில் வடிந்தது. இரண்டாவது தடவை கையை ஓங்கியபோது ஜெசிந்தா குறுக்கே வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"அன்னைக்கு அவரப் புடிச்ச கைதான இது," என்றாள். "இன்னைக்கு அடிக்கவும் கத்துக்கிச்சா?"

3

எங்கள் பட்டறையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் பொம்மைகள் செய்வோம். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாட்டுத் தொழுவத்தில் படுத்திருக்கும் பாலன் ஏசு. பாலனின் முகத்தை வடித்தது முருகையன். கருவேப்பிலங்குறிச்சிக்காரன். என் வயதுதான். எங்களைப்போல வேதக்காரன் இல்லை, இந்து. ஆனாலும் அந்தத் தூங்குகிற முகத்தை அவனைப்போல யாராலும் வடிக்க முடியாது. பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் மனைவி அஞ்சலையோடு இருந்தான். அஞ்சலைக்கு அந்த வருஷம் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோயிருந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில், அனுப்பத் தயாராக இருந்த பாலன்களில் இரண்டு பெட்டி காணவில்லை. முதலாளி எல்லோரையும் திட்டினார். சூளையில் சரக்கு ஏற்றும் சகாயம் என் பங்குக் கோயில்காரன், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவன். அவன் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு முருகையன் அறைக்குப் போனான். அங்கே கட்டியிருந்த தூளிக்குள், துண்டில் சுற்றி ஒரு பாலன் படுத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை நடுவில் வைத்தான்.

முருகையன், அது நம்ம அச்சு இல்லை, என் வீட்டுக்காரிக்காக நானே தனியாக அச்செடுத்துச் செய்தது என்றான். இந்துவுக்கு எதுக்குடா குழந்தை ஏசு என்று சகாயம் கேட்டான். அது ஏசு இல்லை என்று முருகையன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, நீ அளந்து சொல்லுப்பா என்றார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மை சூளையில் வெந்தால் சுருங்கும். பத்து விரல் நீளம் ஒன்பது விரலாகிவிடும். பேட்டையைப் பெருக்குகிற ஆளுக்குக்கூட இது தெரியும். சுடாத பொம்மையைப் பச்சை என்போம். வெந்ததை வெந்ததோடுதான் அளக்க வேண்டும், பச்சையை வைத்து அளக்கக் கூடாது.

நான் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு பாலனை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். மேலே அளவுக் குச்சியைப் போட்டேன். தலையும் காலும் சரியாக நின்றன. ஒரே நீளம், நம்ம அச்சுதான் என்று சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் சகாயம் அவன் நெஞ்சில் உதைத்தான். விழுந்தவனைத் தூக்கினார்கள். புடி அவன என்று ஒரு குரல் வந்தது, நான்தான் பக்கத்தில் இருந்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்தேன். மண் தட்டும் உருளைக்கட்டையை எடுத்துச் சகாயம் வலது காதோடு சேர்த்து அடித்தான். தேங்காய் உடைக்கிற சத்தம் வந்தது. கரைத்த களிமண் வைத்திருந்த தொட்டியில் முருகையனின் தலை போய் மோதியது. வெள்ளைக் கரைசலில் இரத்தம் நூல் நூலாக ஓடியது. மறுபடி இழுத்து நிறுத்தினோம். நாலைந்து பேர் வந்து ஆளுக்கு ஒன்று போட்டார்கள். ஏசுவையே திருடுனவன் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள்.

அப்போது அவன் தலையைத் திருப்பி என்னிடம் மட்டும் பேசினான். வாயில் இரத்தம் நிறைய இருந்ததால் மெதுவாகத்தான் வந்தது.

"அந்தோணி, அது பச்சைடா. பச்சையில வெச்சி அளந்துட்டியே."

என் விரல்களைப் பார்த்தேன். நுனியில் மண் பொடி ஒட்டியிருந்தது. வெந்த பொம்மை கையில் ஒட்டாது. சுடாத எங்கள் பாலனும் வெந்த அவன் பாலனும் ஒரே நீளம் என்றால், அவன் அச்சு எங்கள் அச்சைவிடப் பெரியது. அது எங்கள் பொம்மையே இல்லை. அச்சு மேஸ்திரிக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? புரிந்துவிட்டது.

நான் கையை விடவில்லை.

சுற்றி இருபது பேர் நின்றார்கள். முதலாளி நின்றார். எல்லோர் முன்னாலும் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்துக்காக ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சகாயம் அவன் வலது கையைப் பிடுங்கி மேசை விளிம்பில் வைத்து, இந்தக் கைதான எடுத்துச்சு என்று மணிக்கட்டில் கட்டையை இறக்கினான். அந்த அடியை என் உடம்பு வாங்கியது, அவன் முதுகு என் நெஞ்சில் இருந்ததால். எலும்பு விட்டது எனக்கும் தெரிந்தது.

அஞ்சலை ஓடிவந்தாள். அவள் கண் எதிரிலேயே சகாயம் அந்தப் பொம்மையைத் தரையில் ஓங்கி உடைத்தான். அவள் யாரையும் திட்டவில்லை. புருஷனிடம் வருவதற்கு முன் குனிந்து துண்டுகளை முந்தானையில் பொறுக்கினாள். ஒரு துண்டு என் காலடியில் கிடந்தது. காலை நகர்த்தினேன், எடுத்துக்கொண்டாள்.

4

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பீடத்தில் நின்று நான் வாசகம் வாசித்தேன். ஃபாதர் அன்று மூன்றே சொற்களை வைத்துப் பிரசங்கம் வைத்தார். நியாயம், இரக்கம், மனத்தாழ்மை. கடவுள் நம்மிடம் கேட்பது இவ்வளவுதான், இதற்குமேல் காணிக்கை எதுவும் அவருக்கு வேண்டாம் என்றார். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரத்தில் காணாமல் போன பாலன்கள் கிடைத்தன. சின்னப் பட்டறைகள் எல்லாம் ஒரே சூளையில்தான் சரக்கைச் சுட்டு, அங்கேயே பெட்டியில் அடுக்குவோம். எங்கள் பெட்டிகள் மாறி, பக்கத்துப் பட்டறைச் சரக்கோடு லாரியில் ஏறியிருக்கின்றன. அடியில் எங்கள் அடையாளம் அப்படியே இருந்தது. ஏற்றியது யாரென்று இன்றுவரை தெரியாது. நானாகவும் இருக்கலாம். முதலாளி என்னையும் சகாயத்தையும் மட்டும் கூப்பிட்டு, நடந்தது நடந்துபோச்சு, இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நாங்களும் சொல்லவில்லை. பேட்டை முழுக்க முருகையன் திருடன் என்றே நின்றுபோனது.

முருகையன் ஊருக்குப் போய்விட்டான். வலது காது கேட்காமல் போய்விட்டது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது. போலீஸுக்குப் போகவில்லை. கையில் கட்டோடு அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினான். நம் ஊர்ப்பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல, நடந்த அநியாயத்தைத் தேதி, பெயரோடு காகிதத்தில் எழுதி அங்கே வேலில் கட்டுவார்கள். கட்டியவரே வந்து வாபஸ் வாங்கினால்தான் அந்த வழக்கு முடியும். எழுதிக்கொடுத்த ஆள் மூலம் எனக்குத் தெரிய வந்தது. முதல் பெயர் சகாயம் இல்லை. என் பெயர்.

"நம்மள கொளஞ்சியப்பரு என்னா பண்ணிடுவாரு? நாம வேதக்காரங்க. நமக்கு வேற கோர்ட்டு," என்று சகாயம் சிரித்தான்.

நான் அந்த வேறு கோர்ட்டுக்கும் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர், செபமாலை எடுத்து ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லு, ஆனா அதுக்கு முன்னால அவன் முன்னாடி போய் நின்னு உண்மையச் சொல்லு என்றார். செபமாலையைச் சொன்னேன். கருவேப்பிலங்குறிச்சிக்கும் பஸ் ஏறினேன். இறங்கியதும் எதிரே டீக்கடையில் முருகையன் இருந்தான். இடது கையில் கிளாஸைப் பிடித்து, உதடு போய்ச் சேருவதற்குள் பாதி சிந்திக் குடித்துக்கொண்டிருந்தான். பெண்ணாடம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது. அது போவதற்குள் வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் விமானம் ஏறினேன்.

5

இங்கே வந்த பிறகு ஒருநாள், வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மூன்று இளைஞர்கள் வந்தார்கள். உன் நாட்டுக்குப் போ என்றார்கள். ஒருவன் பின்னாலிருந்து என் கைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் வாயில் குத்தினான். மேல்வரிசையில் இரண்டு பல் இப்போது எனக்குச் சொந்தப் பல் இல்லை. குத்தியவன் முகம் அப்போதே மறந்துபோனது. பிடித்தவன் முகத்தை நான் பார்க்கவேயில்லை. ஆனால் அவன் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. என்னை விட அவனுக்குத்தான் வேகமாக மூச்சு வாங்கியது. குனிந்து தப்பக்கூட முடியாதபடி செய்தவன் அவன். அன்றுதான் பிராதில் ஏன் என் பெயர் முதலில் இருந்தது என்று விளங்கியது.

அமலியை அறைந்த மறுநாள் மத்தியானம் அவளை அந்தப் போலந்துப் பெண்ணின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்று அழுதாள். லெட்டர் எழுதித் தருகிறேன் என்றாள். லெட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை நான் அறிந்தவன், அதனால் விடவில்லை. கதவைத் திறந்த தாய் முழுக்கத் திறக்கவில்லை. உள்ளே அந்தப் பெண் வீங்கிய உதட்டோடு, தாறுமாறாக வெட்டிய தலையோடு நின்றாள். அமலி சொன்னாள், நான்தான் பிடித்தேன், நான் விட்டிருந்தால் அவள் ஓடியிருப்பாள் என்று. அவளே யோசித்துச் சொன்ன வார்த்தை அது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தாய் எங்கள் இருவரையும் பார்த்தார். அமலியின் கிழிந்த உதட்டைப் பார்த்துவிட்டு என்னை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பி நடக்கும்போது அமலி கேட்டாள்.

"அப்பா, நீ யாருகிட்டயாவது இப்டி போய் சொல்லியிருக்கியா?"

நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து அவளையும் ஜெசிந்தாவையும் உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். நான் பிடித்தது ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் முருகையனுக்குக் கட்டுப் போட்டார்கள். தெரிந்தே பிடித்தேன் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிய வந்தது. எழுந்துபோய் அமலியின் உதட்டுக்கு மருந்து வைத்தாள்.

6

கருவேப்பிலங்குறிச்சி டீக்கடை நம்பரைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். வந்தது அஞ்சலை.

"அவருக்கு போன்ல பேசுனா சரியா வெளங்காதுங்க. எங்கிட்ட சொல்லுங்க. யாரு?"

பெயரைச் சொன்னேன். பட்டறையில் இருந்த காலத்தில் என்னை அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அன்று பேசி முடிக்கும்வரை அந்தச் சொல் வரவில்லை.

அவன் திருடவில்லை, அந்தப் பொம்மை எங்களுடையது இல்லை என்று சொன்னேன். நான் அளந்தது பச்சை என்று அவன் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்தும் கையை விடவில்லை என்று சொன்னேன். காலில் விழுகிறேன் என்றும் சொன்னேன். போனில் சொல்ல எளிதாக இருந்தது.

"அவரு திருடலன்னு எங்களுக்குத் தெரியாதா? அத எங்களுக்கு எதுக்கு சொல்றீங்க?" என்றாள். "இன்னைக்கும் விருத்தாசலம் பக்கம் வேலைக்குப் போனா, ஏசு பொம்மையத் திருடுனவன்னு சொல்லித்தான் திருப்பி அனுப்புறாங்க. கோணக் கையோட வூட்டுல உக்காந்து இருக்குது. யாரு முன்னாடி அளந்தீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க. ஊருக்கு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். பிறகு, தயங்கித் தயங்கி, அந்தப் பிராது என்று ஆரம்பித்தேன்.

"அது அங்கியே இருக்கட்டும்," என்றாள். "மொதல்ல நீங்க சொல்லுங்க. வாபஸ் வாங்குறதா வேணாமான்னு அவரு சொல்லுவாரு."

போனை வைத்துவிட்டாள்.

நியாயம் வேண்டும் என்றுதான் அன்று பட்டறையில் எல்லோரும் கத்தினோம். இரக்கமும் எனக்கு வந்தது, வீட்டுக்குப் போய் அழுதேன், அதனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வராமல் போனது மூன்றாவதுதான். தப்பா அளந்துட்டேன் என்ற இரண்டு வார்த்தைக்குத் தேவையான தாழ்மை இருந்திருந்தால், மற்ற இரண்டும் அன்றே அந்த இடத்திலேயே கூட வந்திருக்கும். இது எனக்குப் பிரசங்கத்தில் விளங்கவில்லை.

குடியுரிமை அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப்போட்டிருக்கிறேன். தண்டனை பெறவில்லை, ஆனால் செய்திருக்கிறேன் என்று. ஜெசிந்தா படித்துப் பார்த்து இங்கிலீஷைத் திருத்திக்கொடுத்தாள். என்ன ஆகும் என்று தெரியாது. வர வேண்டியது வரட்டும்.

பங்கு மடலை அச்சுக்கு அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஃபாதரிடமும், பேட்டையில் வேலை செய்கிற உங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். பேட்டை வாசல் டீக்கடையில் சத்தமாக வாசியுங்கள். கருவேப்பிலங்குறிச்சியிலும் ஒருவர் வாசிக்கட்டும், முருகையனுக்கு இடது காது பக்கம் உட்கார்ந்து. என் மேல் உள்ள பிரியத்தில் எதையும் மாற்ற வேண்டாம். தெரியாமல் செய்துவிட்டார் என்று ஒரு சொல் சேர்க்க வேண்டாம். விலக்கிவிடப் போனார் என்று எழுத வேண்டாம். நீளமாக இருக்கிறது என்று சுருக்குவதானால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இதை மட்டும் விட்டுவையுங்கள்:

முருகையன் திருடவில்லை. அது எனக்குத் தெரிந்த பிறகும் நான் அவன் கையை விடவில்லை.